வேட்பாளரின் கழுத்துப் பிடிப்பு

1.

இந்தக் கதையை நான் குப்புறப் படுத்துக்கொண்டு கேட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

தைனான் நகரத்தில் கெ மிங்தாவ் நடத்தும் அக்குபிரஷர் கடை. கட்டிலின் தலைமாட்டில் முகம் வைப்பதற்கென்று ஓர் ஓட்டை இருக்கும். அதற்குள் முகத்தைச் செருகிக் கிடந்தேன். மேலே இரண்டு குரல்கள். ஒன்று என் கழுத்தை அழுத்திக்கொண்டிருந்த கெயுடையது. மற்றது அவருக்குச் சோயாப்பால் கொண்டுவந்த சுவாங் சியூமெய்யுடையது. ஒருவர் சொல்வார், மற்றவர் "பொய்" என்பார், பிறகு அதே விஷயத்தைக் கொஞ்சம் மாற்றி அவரே சொல்வார். நான் கண்ணால் கண்டது இருவருடைய செருப்புகளை மட்டுமே. ஆகவே இந்தக் கதையில் யாருடைய முகத்தையாவது நான் வர்ணித்தால் அது கற்பனை. செருப்பை வர்ணித்தால் நம்பலாம்.

2.

தொடங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

"தைனானின் பழைய ஓட்டுக்கூரைகள்மேல் காலைச் சூரியன் மெல்ல—" [வேண்டாம். கழுத்துப் பிடித்துக்கொண்டவள் கூரையை எப்படி அண்ணாந்து பார்ப்பாள்?]

"அதிகாரத்தின் முன் தலைகுனிய மறுத்த ஒரு பெண்ணின்—" [இது அதைவிட மோசம். அவள் குனியத்தான் பார்த்தாள். முடியவில்லை.]

சரி, நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

தேர்தலுக்கு முந்தைய நாள் காலை சுவாங் சியூமெய் கண் விழித்தபோது அவள் தலை இடப்பக்கம் திரும்பியிருந்தது. அதை நேராக்கப் பார்த்தாள். காதுக்குப் பின்னாலிருந்து தோள்பட்டைவரை யாரோ கம்பியை முறுக்கியதுபோல் ஒரு வலி. அப்படியே உறைந்து போனாள்.

"ஆ-குவெய்! எந்திரிய்யா. என் கழுத்து போச்சு."

பக்கத்தில் படுத்திருந்த கணவன் ஆ-குவெய் எழுந்து வந்து, அவளுக்கு வலப்பக்கமாக நின்று, "எங்க, காட்டு" என்றான்.

"இந்தப் பக்கம் வந்து பேசு. அங்க நீ இருக்கியா இல்லையான்னே எனக்குத் தெரியல."

அந்த ஊரில் இந்தப் பிடிப்புக்குத் 'தலையணை விழுந்தது' என்று பெயர்.* குழந்தைக்குக்கூடத் தெரிந்த நோவு. இரண்டு மூன்று நாளில் தானாகவே போய்விடும். ஆனால் சியூமெய்க்கு இரண்டு மூன்று நாள் இல்லை. அன்று ஒருநாள்தான் பாக்கி. நாலைந்து தெருக்கள் சேர்ந்த தன் வட்டத்தின் தலைவர் பதவிக்கு அவள் நின்றாள், எதிர்த்து நின்றவர் கெ மிங்தாவ்.

* நம் ஊரில் 'சுளுக்கு' என்று சொன்னால் பழி நம்மேல் விழுகிறது. இவர்கள் பழியைத் தலையணைமேல் போட்டுவிட்டார்கள். கெட்டிக்காரர்கள்.

3.

சியூமெய் காலைச் சிற்றுண்டிக் கடைக்காரி. முட்டை ரொட்டி, சோயாப்பால், முள்ளங்கி அப்பம். அரசியலுக்கும் அவளுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அவளை அதில் இழுத்துவிட்டது குப்பை வண்டி.

வண்டி பாட்டுப் பாடிக்கொண்டு வந்து நிற்கும், தெருவே பைகளோடு ஓடிவந்து போடும். அது நெடுநாளாகக் கெ கடை முன்னால்தான் நின்றது. கெ வட்டத் தலைவரான பிறகு வண்டி மெல்ல நகர்ந்து நகர்ந்து சியூமெய் கடை முன்னால் வந்து நிலைத்தது. கேட்டதற்கு, "தெரு வளையற எடம், முதலாளியம்மா. போக்குவரத்துக்கு அதான் வசதி" என்றார். மீன் தலையும் பழத்தோலும் சொட்டிய தண்ணீரை அவள் தினமும் கழுவினாள். ஒருநாள் வாளியைக் கீழே வைத்துவிட்டு நேராகப் போய் வேட்புமனு கொடுத்தாள்.

அந்த ஊரில் ஓட்டுக் கேட்பதென்றால் குனிவது என்று அர்த்தம். சின்ன லாரியின் பின்தட்டில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் கையசைத்து, தலை தாழ்த்தி, மறுபடி தலை தாழ்த்தி, வாசலில் நிற்கும் ஒவ்வொருவர் முகத்தையும் பார்க்க வேண்டும். தாழாத தலைக்கு ஓட்டு விழாது.

"வலிக்குப் பிளாஸ்திரி ஒட்டிக்கோ, போய் நில்லு. நான் பேசிக்கறேன்" என்று ஆ-குவெய் வண்டியைக் கிளப்பினான்.

ஒலிபெருக்கி முழங்கியது: "இரண்டாம் எண் சுவாங் சியூமெய் உங்களைப் பணிந்து வணங்குகிறார்!" சியூமெய் பணியவில்லை. தூண்போல் நின்றாள். இடப்பக்க வீடுகளுக்கு அவள் சிரிப்பு கிடைத்தது. வலப்பக்க வீடுகளுக்கு அவளுடைய கொண்டை கிடைத்தது.

"இங்க பாரு, நம்ம பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல."

"நாமெல்லாம் கெயோட ஆளுன்னு முடிவு பண்ணிட்டா போல."

"ஜெயிக்கவே இல்ல, அதுக்குள்ள தலைக்கனத்தப் பாரேன்."

சியூமெய் காதில் எல்லாம் விழுந்தது. காது திரும்ப வேண்டியதில்லையே.

ஆ-குவெய்க்கு ஒரு யோசனை உதித்தது. அதே தெருவில் எதிர்ப்பக்கமிருந்து வந்தால் வலப்பக்க வீடுகள் இடப்பக்கம் ஆகிவிடும் அல்லவா? ஆனால் அது ஒருவழித் தெரு. வண்டியைத் திருப்பாமல் பின்னோக்கியே ஓட்டினான். அப்படி ஓட்டினாலும் பக்கம் மாறாது என்பது தெருமுனைக்கு வந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. வலப்பக்க வீடுகள் அதே கொண்டையை இரண்டாம் முறை பார்த்தன.

வண்டியை நிறுத்தி, பின்னால் ஏறி, "ஒரே ஒரு தடவ, சடக்குன்னு திருப்பிடறேன்" என்று அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்தான். அடுத்து வந்ததை அந்த வட்டம் முழுவதும் கேட்டது. ஒலிவாங்கி அணைக்கப்படவில்லை.

"விடுய்யா என் கழுத்த! கொல்லப் பாக்கறியா! உன்னக் கட்டின அன்னிக்கே பிடிச்சது இந்தக் கழுத்து!"

[இந்த வாக்கியத்தைச் சியூமெய் மறுக்கிறாள். கெ உறுதியாகச் சொல்கிறார். நான் வைத்துக்கொண்டேன்.]

4.

இங்கே கெ கதைக்குள் வருகிறார். எனக்கு அவர்மேல் கொஞ்சம் சந்தேகம்.

முதல் வரைவில் அவரை வில்லனாக்கினேன். தொப்பையும், பல்குத்தும் குச்சியும் கொடுத்தேன். வண்டியை அடுத்தவள் வாசலுக்குத் தள்ளியவர் வேறு எப்படி இருப்பார்? இரண்டாம் வரைவில் அவர் நல்லவராகிவிட்டார். மூன்றாவதில் வில்லனும் இல்லை, நல்லவரும் இல்லை, ஒரே கழுத்தறுப்பு. ஒன்றை மட்டும் வாசகர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: இந்தக் கதையைக் கேட்கும்போது என் கழுத்து அவர் கையில் இருந்தது. முழு நியாயத்தை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

5.

கடலோடிகளைக் காக்கும் மாசு அம்மன் கோயில் முன்னால் இரண்டு வண்டிகளும் நேருக்கு நேர் வந்து நின்றன. எதிரிகள் சந்தித்தால் இறங்கிக் கைகுலுக்குவது வழக்கம். குலுக்காவிட்டால் ஊர் பேசும். கூட்டம் கூடி, கைபேசிகள் உயர்ந்தன.

சியூமெய் உடம்போடு சேர்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டு, பெட்டியை நகர்த்துவதுபோல் இறங்கி வந்தாள். கெ பார்த்தார். தொழில்காரர் கண்.

அரசியல்வாதிகள் குலுக்குவதுபோல் இரண்டு கையாலும் அவள் கையைப் பற்றினார். கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே, உதட்டை அசைக்காமல் கேட்டார்:

"தலையணை விழுந்துதா?"

"உங்க வேலையப் பாருங்க."

"அதத்தான் பாக்கறேன்."

மேலே இருந்த அவருடைய இடக்கைக் கட்டைவிரல் அவள் புறங்கையில் ஊர்ந்து, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் வரும் எலும்புகளுக்கு நடுவே, முட்டிக்குச் சற்று பின்னால் ஒரு பள்ளத்தில் நின்றது. அழுத்தியது.

"அய்—"

"சிரிங்க, முதலாளியம்மா. படம் எடுக்கறாங்க."

"கைய விடுங்க, தலைவரே. கத்துவேன்."

"ஏற்கெனவே கத்தினது எங்க வீடு வரைக்கும் கேட்டுது. மூச்ச விடுங்க. இப்ப மெதுவா, வலது பக்கம் திரும்புங்க. வலிச்சா நிறுத்திக்கோங்க."

அவள் கையை உருவியிருக்கலாம். உருவத்தான் நினைத்தாள். குப்பைத் தண்ணீர் கழுவிய காலைகள் எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் தொண்டைவரை வந்தன. ஆனால் கையில் வலி ஏற ஏறக் கழுத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது. இறுகிய துணிமுடிச்சு ஈரத்தில் இளகுவதுபோல. தலை நகர்ந்தது. மூக்கு நேராக வந்தது. இன்னும் கொஞ்சம். காலையிலிருந்து அவள் பார்க்காத பாதி உலகம் கண்ணுக்குள் வந்தது: ஊதுவத்திப் புகை, கூட்டத்தின் மறுபாதி, வண்டிமேல் வாயைப் பிளந்து நிற்கும் ஆ-குவெய்.

தன்னை அறியாமல் சியூமெய் தலை தாழ்த்தினாள். கூட்டம் கைதட்டியது.

["அவள் விழிகளில் நன்றியின் ஈரம்—" இல்லை. அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்ததாம்.]

6.

இவ்வளவு நேரம் யாரும் கைகுலுக்குவதில்லை. கூட்டம் கலைவதற்குள் செய்தி பரவிவிட்டது. சியூமெய் விலகிவிட்டாளாம். இல்லை, கெ குப்பை வண்டியை விட்டுக்கொடுத்துவிட்டாராம்.

"அவன் உங்கிட்ட என்ன சொன்னான்?" என்றான் ஆ-குவெய்.

"திரும்பச் சொன்னார்."

"யார் பக்கம்?"

"வலது பக்கம்யா! கழுத்த!"

ஆ-குவெய் நம்பியதும் நம்பாததுமாகக் கைபேசியை நீட்டினான். படம் ஏற்கெனவே வட்டம் முழுவதும் சுற்றிக்கொண்டிருந்தது. அதில் கெ பல்லைக் காட்டிச் சிரிக்கிறார். அவர் கட்டைவிரல் சியூமெய் கையில் புதைந்திருக்கிறது. சியூமெய் முகம் வலியில் கோணியிருக்கிறது.

"இத்தப் பாரு" என்று அவன் குரலைத் தாழ்த்தினான். "நாம ஒண்ணும் பொய் சொல்ல வேணாம். படத்தப் போட்டு, 'ஒரு பொம்பள கைய இப்படித்தான் முறுக்குவாரா தலைவர்?'னு ஒரு கேள்வி மட்டும் கேட்டா போதும். ஆளு காலி."

சியூமெய் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆள் காலிதான். குப்பை வண்டி போய்விடும். கடை வாசல் காய்ந்து கிடக்கும். இதற்காகத்தானே நின்றாள்? பேசாமல் தலையாட்டினால் போதும். இப்போது தலை ஆடவும் செய்யும்.

அதே நேரம் எதிர் வண்டியில் கெயின் ஆட்கள், "எதிரியையும் குணப்படுத்தும் தலைவர்னு ஒலிபெருக்கியில போட்டுடலாம்" என்று அவரை நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். கெ மறுத்தார்.

"பாதிதான் சரியாயிருக்கு. பாதி வேலைக்கு விளம்பரம் பண்ணினா கடைப் பேரு கெட்டுடும்."

[பெருந்தன்மையா, வியாபாரமா? கேட்டேன். கழுத்தில் அழுத்தம் கூடியது. விட்டுவிட்டேன்.]

சியூமெய் ஆ-குவெய் கையிலிருந்து ஒலிவாங்கியைப் பிடுங்கினாள்.

"வலப்பக்கத்து வீட்டுக்காரங்களே, ரெண்டாம் எண் சியூமெய் பேசறேன். காலையில உங்களப் பாக்கலன்னு கோவிச்சுக்காதீங்க. கழுத்து பிடிச்சுக்கிச்சு. அந்தப் படத்துல தலைவர் என் கைய முறுக்கல. அழுத்தி விட்டார். வலி பாதி போயிருக்கு. அவரு கை நல்ல கை. ஆனா குப்பை வண்டிய என் வாசலுக்குத் தள்ளினதும் அந்த ஆளுதான். ரெண்டையும் சொல்லிட்டேன். இனிமே உங்க இஷ்டம்."

ஆ-குவெய் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். "போச்சு. எல்லாம் போச்சு."

"போகட்டும்யா. வண்டிய எடு."

எதிர் வண்டியின் ஒலிபெருக்கி கரகரத்தது. கெயின் குரல்: "முதலாளியம்மா, குளிர்ந்த தண்ணி குடிக்காதீங்க. உயரத் தலையணை வேணாம்." சற்று நின்று, "முதலாம் எண்ணுக்கு ஓட்டுப் போடுங்க."

7.

முடிவு. இதற்கு மூன்று எழுதிப் பார்த்தேன்.

சியூமெய் வெல்கிறாள், உண்மைக்குப் பரிசு கிடைக்கிறது. எழுதியவுடன் ஏதோ பள்ளி ஆண்டுவிழா மேடைபோல் தெரிந்தது.

கெ வெல்கிறார், ஆனால் மனம் மாறி வண்டியைத் தன் வாசலுக்கே திருப்பி அழைக்கிறார். வாசித்துக் காட்டினேன். "நான் எதுக்கு அழைக்கணும்? தெரு வளையற எடம்" என்று கெ கோபித்துக்கொண்டார்.

இருவரும் தோற்று, வேறொருவர் வருகிறார். நின்றதே இரண்டு பேர்தான்.

தேர்தல் முடிவு என்ன என்று எனக்குத் தெரியும். ஆற்றுக்கு அந்தப் பக்கம், அடுத்த வட்டத்தில்தான் குடியிருக்கிறேன். ஆனால் எனக்குத் தெரியாத ஒன்றுதான் என்னைத் தொல்லைப்படுத்துகிறது.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்தில் வாக்குப்பதிவு. சியூமெய் வரிசையில் நின்றாள். கழுத்து முக்கால்வாசி திரும்பியது. வாக்குச்சீட்டை வாங்கிக்கொண்டு திரைக்குள் போனாள். மேசைமேல் சின்ன முத்திரைக்கட்டை. சீட்டில் இரண்டு பெயர்கள், இரண்டு முகங்கள். தன் பெயருக்கு நேராக முத்திரையைக் கொண்டுபோனாள். கை நின்றது.

ஏன் நின்றது? அந்தக் கணம்வரை அவள் கழுத்துக்குள்ளேயே இருந்தேன், வலியையும் எரிச்சலையும் உங்களுக்குச் சொன்னேன். இப்போதும் திரையை விலக்கி உள்ளே நுழையப் பார்த்தேன். அலுவலர் வந்துவிட்டார். "ஒரு திரைக்குள்ள ஒருத்தர்தான். நீங்க இந்த வட்டமே இல்லையே?" கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளாத குறை.

கட்டிலில் கிடந்தபடி சியூமெய்யிடமே கேட்டேன். "யாருக்குக் குத்துனீங்க?"

கெயின் விரல் என் கழுத்தில் அசையாமல் நின்றது. அவரும் காத்திருந்தார்.

"சோயாப்பால் ஆறுது, குடிங்க" என்றாள் அவள்.

அவ்வளவுதான். நீங்கள் உள்ளே போகலாம். திரை மூடித்தான் இருக்கிறது, வாசகர் எந்த வட்டம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். முத்திரை மேசைமேல் இருக்கிறது. குத்திவிட்டு வாருங்கள். என்னிடம் சொல்ல வேண்டாம்.