எட்டுக் கிலோ

நாலாம் நாள் மத்தியானம் அண்ணன் பேட்டரிக்காரனின் மூக்கை உடைத்தான்.

ஐந்தே நாளில் ஒரு விண்கலத்தை வரைந்து முடிக்கிற அறை அது. ஆளுக்கொரு பாகத்துக்குப் பொறுப்பான பன்னிரண்டு பேர், பன்னிரண்டு கணினி, எதிர்ச் சுவரை அடைத்து ஒரு திரை. ஒருவர் தன் எண்ணை மாற்றினால் அடுத்த நொடியே மற்றவர் கணக்கெல்லாம் ஆட்டம் காணும். வருடக்கணக்கில் கடிதம் எழுதிச் சண்டை போடுவதை இங்கே நேருக்கு நேர் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான் வித்தியாசம்.

எடைக் கணக்கு அண்ணனின் தங்கச்சி பொறுப்பு. கலம் வரம்பைவிட எட்டுக் கிலோ அதிகம். திரையில் மொத்தம் சிவப்பாக நின்றது. மறுநாள் மாலைக்குள் பச்சையாகாவிட்டால் வேலை வேறு குழுவுக்குப் போய்விடும். பின்னால் உதவும் என்று ஆளாளுக்கு நாலைந்து கிலோவைக் கூட்டிச் சொல்லி மடியில் ஒளித்துக்கொள்வது அங்கே பழகிப்போன திருட்டு. முதல் நாளே அவள் கத்தியிருந்தாள்.

“இந்தத் தடவை யாரும் ஒளிக்காதீங்க. உள்ளதை உள்ளபடி போடுங்க.”

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ஆட்டிவிட்டு ஒளிப்பதுதான் வழக்கம்.

“உன் எரிபொருள் டேங்க் என்ன இரும்புப் பெட்டியா? ஒளிச்சதை எடுய்யா!” என்று நாலாம் நாள் அண்ணனிடம் கத்தினான் பேட்டரிக்காரன்.

எஞ்சினும் டேங்கும் அண்ணனுடையவை. அவனுக்கு வாய்க்கு முன்னால் வலது கை பேசும். பேசியது. விசைப்பலகை முழுக்க ரத்தம். பேட்டரிக்காரன் நாற்காலியைத் தூக்கி அவன் தோளில் இறக்கினான். நாலு பேர் பிரித்து இருவரையும் வெளியே இழுத்துப் போனார்கள்.

அடுத்தவர் எண்ணைத் தொடக்கூடாது என்பது அறையின் விதி. தங்கச்சி தொட்டாள். அண்ணனின் டேங்க் எண்ணில் எட்டைக் குறைத்தாள். கூடப் பிறந்தவனை அவளுக்குத் தெரியாதா? பத்து வருடமாக ஒவ்வொரு டேங்கிலும் பத்துக் கிலோ ஒளித்த ஆள். எட்டை எடுத்தாலும் இரண்டு மிச்சம். திரை பச்சையானது.

அண்ணன் திரும்பி வந்து திரையை வெகுநேரம் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தான். கையும் களவுமாகப் பிடிபட்டவன் வேறென்ன சொல்வான் என்று அவள் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். பாவி மகள்.

ஏழு மாதம் கழித்து, அந்த எண்ணுக்குத் தகுந்தபடி சுவர் மெலிந்த டேங்கில் காற்றை ஏற்றிச் சோதித்தார்கள். பாதி அழுத்தம் ஏறியதும் கிட்டே போய்க் கசிவு பார்ப்பது வழக்கம். அண்ணன் போனான். குழாய் மூட்டில் கை வைத்தான்.

டேங்க் வெடித்தது. பிய்ந்த தகடு அவன் வலது கையை முழங்கைக்குக் கீழே அறுத்துக்கொண்டு போய்ச் சுவரில் அடித்தது. தடுப்புக்கு அப்பால் நின்ற தங்கச்சி அலறிக்கொண்டு ஓடினாள். தன் மேல்சட்டையைக் கழற்றி இறுக்கிக் கட்டினாள். கட்டக் கட்ட ரத்தம் அவள் மடியில் கொட்டியது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அவனுக்கு நினைவு வந்தது.

“அண்ணா, அந்த எட்டுக் கிலோவை நான்தான் எடுத்தேன். நீ ஒளிச்சிருப்பேன்னு நினைச்சு…”

“தெரியும்மா. அன்னைக்கே பார்த்தேன்.”

“பார்த்துட்டு ஏன் சும்மா இருந்த?”

“ஒளிக்காதேன்னு நீ சொன்னேல்ல? நான் ஒளிக்கல. அப்புறமும் நீ குறைச்சிருந்த. நீ கணக்குப் போடாம கை வைக்க மாட்டியேன்னு விட்டுட்டேன்.”

அவள் அவன் காலடியில் விழுந்து, “என்னை அடி, அண்ணா, அடிச்சிடு” என்று கதறினாள். அடிக்கிற கை அங்கே இல்லை.