வியர்க்காத கையெழுத்து

தூத்துக்குடியில் கிரிக்கெட் வீரர்களின் கையெழுத்து அசலாக இருந்தால் வியர்க்கும். வீரர் எங்கோ ஒரு மைதானத்தில் ஓடிக்கொண்டிருப்பார். அதே நேரத்தில் இங்கே பீரோவுக்குள் இருக்கும் அட்டையில் அவர் போட்ட கையெழுத்தின் மேல் பொட்டுப் பொட்டாக ஈரம் அரும்பும். போலிக் கையெழுத்து எதற்கும் அசையாது. அதனால் இந்த ஊரில் அட்டை சேகரிப்பவர்கள் லென்ஸ் வைத்து மையைப் பார்ப்பதில்லை, எழுத்தின் சுழிப்பை ஒப்பிடுவதில்லை. ஆட்டம் நடக்கிற நாளில் அட்டையை வெளியே எடுத்து வைத்து விரலால் தொட்டுப் பார்ப்பார்கள்.

சேகரிப்போர் சங்கத்தின் விதிப்படி ஒவ்வொரு அட்டையையும் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஈரமாகக் கொண்டுவந்து காட்ட வேண்டும். காட்ட முடியாத அட்டையில் செயலாளர் ஆதிமூலம் பஞ்சிங் மெஷினால் ஓட்டை போட்டுவிடுவார். ஓட்டை விழும் இடம் எப்போதும் வீரரின் முகம்.

சங்கத்தில் சேர்ந்து முதல் ஐந்து வருடம் முடிந்த அமலோற்பவிக்கு மூன்றாவது நோட்டீஸும் வந்துவிட்டது. சனிக்கிழமை மாலை ஐந்து மணிதான் கடைசி.

சங்கத்தில் முந்நூறு, நானூறு அட்டை வைத்திருப்பவர்கள் உண்டு. அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்று. பபிள்கம் பாக்கெட்டோடு வந்த அட்டை. அதில் வேகப்பந்து வீச்சாளர் எஸ். கொம்பையா ஒரு காலைத் தூக்கியபடி, வலது கையில் பந்தோடு ஓடி வந்துகொண்டிருப்பார். பன்னிரண்டு வயதில் அவள் மைதானத்தின் கேட்டருகே காலை முதல் மூன்று மணி வரை நின்று, "சார், ஒரு கையெழுத்து" என்று கேட்டு வாங்கியது. வகுப்பில் வருகை எடுக்கும்போதுகூடக் கையை மட்டும் தூக்குகிற பெண் அவள். தெரியாத ஒருவரிடம் தானாகப் போய்ப் பேசினாள் என்பதற்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே ஆதாரம் அந்த அட்டைதான். அதை ஓட்டையோடு வாங்கிக்கொள்ள அவளுக்கு விருப்பமில்லை.

முதல் நோட்டீஸுக்கு, கொம்பையா விளையாட்டை விட்டுப் பதினோரு வருடம் ஆகிறது என்று பதில் எழுதினாள். விளையாட்டை விட்டதற்கான சான்றிதழை இணைக்கச் சொல்லி இரண்டாவது வந்தது. அப்படி ஒரு சான்றிதழை யாரும் தருவதில்லை என்று எழுதினாள். தரப்படாத சான்றிதழின் நகலை இணைக்கச் சொல்லி மூன்றாவது வந்தது. அமலோற்பவி அதை நான்காக மடித்தாள். பிறகு பிரித்து, எட்டாக மடித்தாள்.

சனிக்கிழமை மதியம் அவள் கொம்பையாவின் கடைக்குப் போனாள். அவர் இப்போது பாளையங்கோட்டை ரோட்டில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"நாந்தான் போட்டேன். அதுல என்ன சந்தேகம்?"

"ஈரமே வரலை சார். போலின்னு சொல்றாங்க."

"யாரு, ஆதிமூலமா? நான் போட்டதை நான் போடலைன்னு சொல்லுதானா?"

அவர் கையில் இருந்த மிக்ஸியைப் பாதியில் விட்டுவிட்டு, பரண் மேல் கிடந்த பழைய பந்தை எடுத்து வேட்டியில் துடைத்தார். அவளுடைய ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் தன் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார்.

சங்க அலுவலகத்தை ஒட்டி ஒரு காலி மனை உண்டு. அதன் ஒரு பக்கம் உப்புக் குடோனின் சுவர். ஆதிமூலம் நாற்காலியை வெளியே கொண்டுவந்து போட்டு, அட்டையை மடியில் வைத்துக்கொண்டார். கொம்பையா வேட்டியை மடித்துக் கட்டி, சுவரைப் பார்த்து ஆறு பந்து வீசினார். ஆறாவது பந்துக்குள் அவர் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

ஆதிமூலம் கையெழுத்தைத் தொட்டார். புறங்கையால் ஒரு முறை, விரல் நுனியால் ஒரு முறை.

"கருவாடு மாதிரி இருக்கு அண்ணாச்சி."

"இன்னொரு ஓவர் போடட்டா?"

"போடுங்க. உடம்புக்கு நல்லது."

இரண்டாவது ஓவருக்கும் அட்டை காய்ந்தே கிடந்தது. கொம்பையா குடோன் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். அமலோற்பவி அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையெழுத்து வாங்கிய அன்றைக்கும் அவள் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை, கைகளைத்தான் பார்த்தாள்.

"சார், அன்னைக்கு உங்க வலது கை ஐஸ் வாளிக்குள்ள இருந்துச்சு."

கொம்பையா யோசித்தார். "ஆமா. தோள்பட்டையில இருந்து விரல் வரைக்கும் வீங்கிப்போச்சு. இடது கையாலல்லா போட்டுக் குடுத்தேன்."

"அதைச் சொல்ல வேண்டாமா?" என்றார் ஆதிமூலம். "ரெண்டு ஓவரு என்னை வெயில்ல உக்கார வச்சிட்டீகளே."

கையெழுத்து, போட்ட கைக்குத்தான் கட்டுப்படும். இது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கொம்பையா பந்தை இடது கைக்கு மாற்றினார். முதல் பந்து அவருக்குப் பின்னால் போய் விழுந்தது. இரண்டாவது ஆதிமூலத்தின் பைக்கில் பட்டது. மூன்றாவதைக் கொஞ்ச நேரம் தேட வேண்டியிருந்தது. ஆனால் அட்டையில் கையெழுத்தின் கடைசி எழுத்திலிருந்து ஒரு துளி கிளம்பி, ஓரத்தை நோக்கி மெல்ல நகர்ந்தது. ஆதிமூலம் அதை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்பு கரிக்கு. கையெழுத்து அசல்."

அமலோற்பவி அட்டைக்காகக் கையை நீட்டினாள்.

"இருங்கம்மா. யாரோட அசலுன்னு பாக்கணும்லா?"

உள்ளே போய் மேஜையில் உட்கார்ந்து, அட்டையின் பின்புறத்தை உரக்கப் படித்தார். வலது கை வேகப்பந்து வீச்சாளர் என்று அச்சடித்திருந்தது. முன்புறத்திலும் பந்து வலது கையில்தான் இருந்தது. இடது கை எந்த அணிக்கும் ஆடியதில்லை. ஆடாத கை வீரர் ஆகாது. படம் ஒருத்தருடையது, கையெழுத்து வேறொருத்தருடையது.

"இதைத்தான் நாங்க போலின்னு சொல்லுவோம்."

"யோவ், ரெண்டு கையும் எனக்குத்தான்வே மொளச்சிருக்கு," என்றார் கொம்பையா.

"அது உங்க குடும்ப விவகாரம் அண்ணாச்சி. சங்கம் தலையிடாது."

மணி நாலு ஐம்பது. ஆதிமூலம் டிராயரிலிருந்து பஞ்சிங் மெஷினை எடுத்து, ஒரு வெற்றுத் தாளில் ஓட்டை போட்டுச் சரிபார்த்தார். வட்டமான சின்னத் துண்டு ஒன்று மேஜையில் விழுந்தது. அவர் அதை ஊதித் தள்ளினார்.

அமலோற்பவி அட்டையை மேஜையிலிருந்து எடுத்தாள். கேட்காமலே எடுத்தாள். முகத்துக்கு நேராகப் பிடித்து, பஸ்ஸில் வழியை மறித்து நிற்பவரிடம் பேசும் குரலில் பேசினாள்.

"சார், கையை மாத்துங்க. எவ்வளவு நேரம் அப்படியே நிப்பீங்க? பந்தை அந்தக் கையில குடுங்க."

படத்தில் இருந்த கொம்பையா, தூக்கியிருந்த காலை முதலில் கீழே வைத்தார். பந்தை இடது கைக்கு மாற்றப் பார்த்தார். பழக்கமில்லாத கை, பந்து நழுவியது. அது அட்டையின் ஓரம் வரை உருண்டு, தரையில் விழுந்து, பீரோவுக்கு அடியில் போய்விட்டது. கடுகு விழுந்த அளவுக்குத்தான் சத்தம்.

"மொதல்ல அப்பிடித்தான் இருக்கும்," என்று கொம்பையா படத்தைப் பார்த்துச் சொன்னார்.

ஆதிமூலம் அட்டையை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். படத்தில் இருந்தவர் இரண்டு கைகளையும் விரித்தபடி நின்றார். இரண்டும் காலி. ஆதிமூலம் பின்புறத்தில் இருந்த 'வலது கை' என்ற சொற்களை ஸ்கேல் வைத்து ஒரே கோடாக அடித்தார். பதிவேட்டில், 'எந்தக் கையால் வீசுவார் என்பதற்குச் சான்று இல்லை. ஆட்சேபணை இல்லை' என்று எழுதினார். அட்டையில் 'அசல்' முத்திரையை அழுத்தினார். மணி ஐந்தாக இரண்டு நிமிடம் இருந்தது.

"அடுத்த தடவை ஒழுங்கா எல்லாத்தையும் சரி பண்ணிட்டு வாங்கம்மா," என்றார்.

அமலோற்பவி அட்டையைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். கொம்பையா பீரோவின் பக்கத்தில் குனிந்து, தரையில் காதை வைத்துக் கேட்டார்.

"இன்னும் போய்க்கிட்டுதான் இருக்கு. நல்ல வேகம்."

ஆதிமூலம் எழுந்து போய், பந்து வெளியே போக வசதியாகப் பின்கதவைத் திறந்து வைத்தார்.