செல்லாத பதினேழு

வாக்கு எண்ணும் மையத்து வாசலில் நான்சியின் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஜெயித்த செய்தியைக் காசியம்மாளுக்கு உடனே எப்படிச் சொல்வது என்பது மட்டும்தான் அப்போது அவளுடைய கவலை. தோற்போம் என்று அவள் நினைக்கவே இல்லை.

காசியம்மாள் கரும்பு வெட்டவும் களையெடுக்கவும் கூலிக்குப் போகிறவள். மேலத்தெருச் சாக்கடை முழுக்க அவளுடைய தெரு முனையில்தான் வந்து தேங்கும். மூன்று வருஷம் மனுக் கொடுத்துப் பார்த்தாள். ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. 2021-இல் உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பு வந்ததும், “யாருக்கோ ஓட்டுப் போட்டுப் போட்டு இன்னாத்தக் கண்டோம்? நானே நிக்கிறேன்” என்று மூன்றாவது வார்டுக்கு மனுத்தாக்கல் செய்துவிட்டாள். சீப்புச் சின்னம் கிடைத்தது. எதிரே உரக்கடை பிச்சைமுத்து, கத்தரிக்காய்ச் சின்னத்தில். இன்னொருவர் பேருக்கு நின்றார்.

நான்சி அதே ஊரில் மாதா கோயில் தெருப் பெண். கள்ளக்குறிச்சியில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். காசியம்மாளுக்காக நோட்டீசு எழுதியதும், வீடு வீடாகப் போனதும், இன்று லீவு போட்டுவிட்டு ஏஜெண்டாக வந்து நிற்பதும் அவள்தான். காசியம்மாளும் தெருக்காரர்களும் ஒரு குட்டியானை வண்டியில் மையம் இருந்த ரிஷிவந்தியத்துக்கு வந்து வெளியே ரோட்டோரம் காத்திருந்தார்கள்.

காலையில் பெட்டியைத் திறந்து நாலு பதவிக்கான நாலு நிறச் சீட்டுகளையும் பிரித்து அடுக்கவே மதியமாகிவிட்டது. மூன்றாவது வார்டின் வெள்ளைச் சீட்டுக் கட்டு மேஜைக்கு வந்தபோது மணி மூன்று. கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு நான்சி ஒவ்வொரு சீட்டையும் எட்டி எட்டிப் பார்த்தாள். சீப்பு, கத்தரிக்காய், சீப்பு, சீப்பு. கை தானாகத் தாளில் கோடு போட்டுக்கொண்டே வந்தது.

அப்புறம் அதிகாரி ஒரு சீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஓரத்தில் தனியாக வைத்தார். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. பிறகு சேர்ந்தாற்போல் மூன்று.

“சார், அது சீப்புதான சார்? ஏன் அங்க வைக்கிறீங்க?”

அவர் அந்தச் சீட்டை வலைக்கு நேராகத் திருப்பிக் காட்டினார். சீப்புப் படத்தின் மேல், கட்டத்துக்குள் கொஞ்சமும் பிசகாமல், ஒரு பெருவிரல் ரேகை ஊதா நிறத்தில் பதிந்திருந்தது.

அது எங்கிருந்து வந்த பழக்கம் என்று நான்சிக்குத் தெரியும்.

தேர்தலுக்கு முந்தின வாரம் பூராவும் கடை விட்டு வந்ததும் அவள் காசியம்மாள் தெருவில்தான் இருந்தாள். சீட்டை எப்படிப் பிரிப்பது, எங்கே குத்துவது, மை ஒட்டாமல் எப்படி மடிப்பது என்று சொல்லிக்கொடுத்தாள். வெள்ளைத் தாளில் படம் வரைந்து மாதிரிச் சீட்டு செய்தாள். சாவடியில் கொடுக்கிற ரப்பர் முத்திரைக்கு அவள் எங்கே போவாள்? கடையிலிருந்து ஸ்டாம்ப் பேடு கொண்டுவந்து, “இப்போதைக்கு வெரலால வச்சுப் பழகுங்க. அங்க ஒரு முத்திரை குடுப்பாங்க, அதால குத்தணும்” என்றாள். சொல்லத்தான் சொன்னாள். ஆனால் ஏழு நாளும் அவர்கள் பழகியது விரலால்தான். ஓட்டுப் போட்ட அன்று, கையெழுத்துத் தெரியாதவர்களிடம் மையைத் தொடவைத்து ரேகை வாங்கித்தான் சீட்டைக் கொடுத்திருக்கிறார்கள். விரலில் மை இருந்தது. நேராகப் போய் வைத்துவிட்டார்கள்.

“யாருக்குன்னு பளிச்சுனு தெரியுதே சார்!”

“தெரியுதும்மா. அதுதான் பிரச்சினையே. ரேகை இருந்தா யார் போட்ட ஓட்டுன்னு கண்டுபுடிச்சிடலாம். ரகசிய ஓட்டுல அது ஆகாது. செல்லாது.”

அவள் விடவில்லை. இன்னொரு தரம் எண்ணச் சொன்னாள். அவரும் கோபப்படாமல் எண்ணினார். கத்தரிக்காய் தொண்ணூற்று நாலு. சீப்பு எண்பத்தேழு. மூன்றாமவர் பன்னிரண்டு. செல்லாதது இருபத்தொன்று. அந்த இருபத்தொன்றில் சீப்பின் மேல் விரல் வைத்தவை பதினேழு.

நான்சி வெளியே வந்தபோது பிச்சைமுத்துவின் ஆட்கள் சரவெடியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தே காசியம்மாளுக்குப் புரிந்துவிட்டது.

“எத்தினி?” என்று மட்டும் கேட்டாள்.

“ஏழுக்கா. ஏழு கம்மி.”

நான்சி, அந்தப் பதினேழைப் பற்றி வண்டியில் சொல்லிக்கொள்ளலாம் என்று ஏறிவிட்டாள்.

வண்டி கிளம்பி ரெண்டு கிலோமீட்டர் போயிருக்கும். பின்னால் பன்னிரண்டு பேர் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார்கள். திடீரென்று காசியம்மாள் திரும்பினாள். அவள் பார்வை நேராக இசைவாணியின் மேல் போய் நின்றது. இசைவாணி அவளுடைய தம்பி பெண்டாட்டி.

“ஏழு ஓட்டு எங்கடி போச்சு?”

“என்னாண்ட ஏன் அண்ணி கேக்குற?”

“அந்த உரக்கடை ஆளு வூட்டுல பிரியாணி துன்னுட்டு வந்தியே, மறந்துட்டியா? நம்ம தெருவே பாத்துச்சு. நீயும் உன் அம்மா வூட்டு ஆளுங்களும் சேந்தா ஏழு சரியா வருது.”

“கூப்ட்டாங்க, துன்னேன். ஓட்டு உனக்குத்தான் போட்டேன். புள்ள மேல சத்தியம்!”

“சத்தியம் பண்ணாதடி, நாக்கு அழுகிடும்!” காசியம்மாள் அவள் தோளைப் பிடித்துத் தள்ளினாள். பெரியவர் சடையன் நடுவில் புகுந்து தடுத்தார். இன்னொருத்தி, “எனக்கும் அன்னிக்கே சந்தேகம்தான்” என்று எடுத்துக் கொடுத்தாள்.

இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் இவர்கள் ஊர் போய்ச் சேர்வதற்குள் ஜென்மப் பகை ஆகிவிடும் என்று நான்சிக்குத் தெரிந்தது.

“அக்கா, வுடுங்க! யாரும் மாத்திப் போடல. பதினேழு பேரு சீப்பு மேல வெரல வச்சிருக்காங்க. முத்திரை குத்தல. எல்லாத்தயும் செல்லாதுன்னு தள்ளிட்டாங்க. அந்தப் பழக்கம் நான் வச்சதுதான். தப்பு என்னுது.”

 சடையன் கண்ணை மூடிக்கொண்டார். இசைவாணி மெதுவாக, “நானும் வெரல்தான் வச்சேன். பிசகாம வச்சேன்” என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள்.

“பதினேழும் எனக்கா?” என்றாள் காசியம்மாள்.

“உங்களுக்குத்தான்.”

“அப்ப நூத்தி நாலு.” கூலிக்கணக்குப் பார்த்துப் பழகிய மனசு, ஒரு நொடியில் கூட்டிவிட்டது. “நான் ஜெயிச்சிருக்கேன்.”

“ஆமாக்கா. ஆனா…”

“வண்டிய நிறுத்துடா!”

அவள் குதித்து இறங்கி நடக்க ஆரம்பித்தாள். ஊருக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர் இருந்தது. நான்சியும் இறங்கினாள். சடையன் போகச் சொல்ல, வண்டி மற்றவர்களோடு முன்னால் போய்விட்டது. இரண்டு பக்கமும் கரும்பு. ரோட்டில் இவர்கள் இரண்டு பேர்.

“பின்னாடி வராத.”

நான்சி வந்தாள்.

“அந்தாளு மேல கோவப்படலாம்னா அவன் ஒண்ணும் திருடல. ஆபீசர் மேல கோவப்படலாம்னா அவரும் சட்டத்தச் சொல்றாரு. எங்க ஜனங்களத் திட்டலாம்னா எல்லாம் ஒழுங்காத்தான் வந்து போட்டிருக்குதுங்க. நான் யாரப் போயி திட்டட்டும், சொல்லு!”

“என்னத் திட்டுங்க.”

“உன்னத் திட்டி? அஞ்சு வருசம்டி! அஞ்சு வருசம் அந்தச் சாக்கடையில கால வச்சு நடக்கணும். உனக்கென்ன, மாதா கோயில் தெருவுல சிமெண்டு ரோடு.”

அது சுருக்கென்று தைத்தது.  மரவள்ளி ஏற்றிய டிராக்டர் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு கடந்து போனது. காசியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். புழுதி அடங்கிய பிறகும் நகரவில்லை.

“இசைவாணிய அப்பிடிப் பேசிட்டேனே” என்றாள்.

“சொல்லிக்கலாம்க்கா.”

“நான்தான் சொல்லணும். நீ ஒண்ணும் அங்க வந்து பேசாத.” திரும்பவும் நடந்தாள். பத்தடி போனதும் தலையைத் திருப்பாமலே கேட்டாள்: “திங்கக்கெழம கலெக்டர் ஆபீசுல மனு வாங்குவாங்கல்ல?”

“வாங்குவாங்க.”

“சாக்கடையச் சரி பண்ணச் சொல்லி நூத்தி நாலு பேரு கேக்குறாங்கன்னு எழுதணும். எழுதித் தருவியா?”

“தரேன்க்கா. நானும் கூட…”

“கூட வரியோ வரலியோ, இப்பப் பேசாம வா. உன் கொரலக் கேட்டாலே எரியுது.”

நான்சி வாயை மூடிக்கொண்டு, பத்தடி பின்னாலேயே நடந்தாள்.