குதிரைக்கு என்ன குறை?

நுமேரியஸ் தன் குதிரையைத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டி இழுத்து வந்திருந்தான். ரோமில் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை சென்சார்கள் எனப்படும் இரண்டு ஒழுக்க அதிகாரிகள் திடலில் உட்கார்ந்து குதிரைவீரர்களை ஒவ்வொருவராகப் பார்வையிடுவார்கள். ‘போகலாம்’ என்றால் மானம் தப்பியது. ‘குதிரையை விற்றுவிடு’ என்றால் அந்தஸ்து போயிற்று. வழக்கு, வாதம் எதுவும் கிடையாது.

சென்சார் மின்டியஸ் இந்த நாளுக்காகவே காத்திருந்தான். போன மாதம் ஒரு விருந்தில் நுமேரியஸ் உண்மையைப் போட்டு உடைத்திருந்தான். ஸ்பெயின் போரில் படை பின்வாங்கியபோது தளபதி மின்டியஸ்தான் முதல் ஆளாக ஆற்றைத் தாண்டி ஓடிவந்தான். காயம்பட்ட நாற்பது பேர் அக்கரையில் கிடக்க, பாலத்தை வெட்டச் சொன்னான். அவர்களில் ஒருவன் நுமேரியஸின் தம்பி ஸ்பூரியஸ். நாற்பது பேரையும் ஓடிப்போன கோழைகள் என்று எழுதிவைத்த அந்த மகானுபாவன்தான் இப்போது ஊரின் ஒழுக்கத்தை அளக்க உட்கார்ந்திருக்கிறான்!

“குதிரைய வித்துடு,” என்றான் மின்டியஸ்.

“காரணம்?”

“எலும்பும் தோலுமா வச்சிருக்க.”

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. குதிரை கொழுகொழுவென்று நின்றது. நுமேரியஸ் இன்னொரு சென்சாரைப் பார்த்தான். அவர் மறுத்தால் போதும், உத்தரவு செல்லாது. பாலம் வெட்டப்பட்டபோது அவரும் அங்கே இருந்தவர்.

“ஐயா, நீங்களாவது வாயத் திறங்க.”

அவர் தன் மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். மின்டியஸின் பொய்யைவிட இந்த ஊமைத்தனம்தான் கேவலம்.

“இனிமேலாவது நாக்க அடக்கு,” என்றான் மின்டியஸ்.

“விக்கிறேன். சட்டப்படியே விக்கிறேன்.”

நேரே மாட்டுச் சந்தைக்குப் போனான். அங்கே மிருகத்தை விற்பவன் அதன் குறையையும் விற்கும் காரணத்தையும் உரக்கச் சொல்லியாக வேண்டும், மறைத்தால் குற்றம்.

“கால்ல குறையில்ல, பல்லுல குறையில்ல!” என்று கத்தினான்.

“அப்புறம் ஏன்யா விக்கிற?” என்றான் ஒரு கோவேறு கழுதைக்காரன்.

“கேளு சொல்றேன்!” ஆறு, பாலம், தம்பி, நாற்பது பேர், மின்டியஸ் என்று ஒன்றுவிடாமல் சொன்னான். கூட்டம் கூடிவிட்டது.

மின்டியஸின் சேவகன் மூச்சிரைக்க ஓடிவந்தான். “வாய மூடுய்யா!”

“விக்கிற காரணத்த மறைச்சா என் தலையில விடியும்,” என்றான் நுமேரியஸ். சந்தை அதிகாரியும் தலையாட்டினார்.

விலை கேட்டவர்களுக்கு எவனாலும் கொடுக்க முடியாத விலை சொன்னான். குதிரை விற்கவில்லை. அடுத்த சந்தைக்கும் வந்து அதே கதையைக் கத்தினான். அதற்கடுத்த சந்தைக்கும் வந்தான். விற்றாக வேண்டுமே, சென்சார் உத்தரவு!