ஒரு ராத்திரிக் கடன்

வங்கியில் கூட்டமே இல்லை. மூன்று மின்விசிறிகள் காலி நாற்காலிகளுக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தன. கடன் பிரிவு எழுத்தர் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். அப்படியிருந்தும் கால்வாய்க் குடியிருப்பிலிருந்து ஒரு நாளைக்கு ஒருவருக்குத்தான் கடனைப் புதுப்பிப்பேன் என்றார்.

“ஏன் சார் ஒரு நாளைக்கு ஒருத்தர்?”

“ரூல்ஸ்மா.”

“யார் போட்ட ரூல்ஸ்?”

“மேலருந்து வந்தது.”

அவள் மேலே பார்த்தாள். மின்விசிறிதான் இருந்தது.

அவளைக் குடியிருப்பில் கேள்வியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மோட்டார் ஏன் உறுமுகிறது, கால்வாயில் புதன்கிழமை மட்டும் ஏன் தண்ணீர் குறைகிறது என்று எதையாவது குடைந்துகொண்டே இருப்பாள். ஆனால் இந்த ஒரு கேள்வி மட்டும் நான்கு வருடமாகப் பிடிபடவில்லை. முன்பெல்லாம் ஒரே நாளில் ஏழெட்டுப் பேருக்குப் புதுப்பித்த வங்கிதான் இது. இந்த எழுத்தர் வந்த பிறகுதான் நாளுக்கு ஒருவர் என்று ஆனது.

புதுப்பிப்பது என்றால் என்னவென்று சொல்லிவிட வேண்டும். குடியிருப்பில் முப்பது குடும்பங்கள். கால்வாய் வெட்டியபோது அளந்து பிரித்துக் கொடுத்த நிலம் என்பதால் எல்லோருக்கும் ஒரே பரப்பு, எல்லோருக்கும் ஒரே அளவு பயிர்க்கடன்: ஒரு லட்சம். வட்டி குறைவு. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. வருடம் முடிவதற்குள் லட்சத்தையும் முழுசாகக் கட்டி, கணக்கை மூடிக் காட்ட வேண்டும். கட்டினால் மறுநாளே அதே லட்சம் புதுக்கடனாகத் திரும்பி வரும். கட்டாவிட்டால் வட்டி மூன்று மடங்கு. அடுத்த கடனும் கிடையாது.

மிளகாய் விற்ற காசு இருக்குமே, கட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே என்று கேட்கலாம். மண்டிக்காரர் பாதிப் பணத்தை மூன்று மாதம் கழித்துத்தான் கொடுப்பார். வங்கியின் கெடு அதற்கு முன்பே வந்துவிடும். ஆக, ஒவ்வொரு குடும்பத்துக்கும் வருடத்தில் ஒரே ஒரு ராத்திரிக்கு ஒரு லட்சம் வேண்டும். இன்று கட்ட, நாளை எடுக்க.

அந்த ஒரு ராத்திரிக்குக் கடன் கொடுப்பவர்தான் ஒருநாள்காரர். வங்கிக்கு எதிரே உள்ள நகல் எடுக்கும் கடையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ராத்திரிக்கு நூற்றுக்கு நான்கு வட்டி. லட்சத்துக்கு நாலாயிரம். வங்கி ஒரு வருடம் முழுக்க வாங்கும் வட்டியும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

அந்த வியாழக்கிழமை கேள்வியக்காவின் முறை. அவளுக்கு முன் நான்கு பேருக்கு முடிந்திருந்தது. சாலையைக் கடக்கும்போது முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். ஒருநாள்காரரிடம் கை நீட்டுவது குடியிருப்பில் பெரிய மானக்கேடு. ‘சேர்த்து வைத்த காசில் கட்டினோம்’ என்றுதான் ஒவ்வொரு வீட்டிலும் சொல்வார்கள். அவள் புருஷனும் போன வாரம் மோட்டார் கொட்டகையில் அப்படித்தான் மார்தட்டிவிட்டு வந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும், “நீயே போயி வாங்கிட்டு வந்துடு, நான் போனா நாலு பேர் பாப்பாங்க,” என்றார்.

அவள் பணத்தைக் கட்டினாள். ரசீது கொடுத்த எழுத்தர் அன்று ரொம்பவும் இனிமையாகப் பேசினார்.

“விதைக்கெல்லாம் காசு வெச்சிருக்கீங்களாம்மா?”

“இருக்கு சார். பத்தாயிரம் எடுத்து வெச்சிருக்கேன்.”

“நல்லது, நல்லது. நாளைக்கு வாங்க, லோன் ஏறிடும்.”

வெள்ளிக்கிழமை வந்தாள். கணினி வேலை செய்யவில்லை என்றார். அவள் கண்முன்னே அதே கணினியில் இன்னொருவருக்கு நகைக்கடன் போனது. “அது வேற சிஸ்டம்மா,” என்றார். சனியும் ஞாயிறும் வங்கி விடுமுறை. திங்கட்கிழமை காலை கடன் ஏறியது. ஒரு ராத்திரி என்று வாங்கிய பணத்துக்கு நான்கு ராத்திரி ஆகிவிட்டது.

நகல் கடையில் ஒருநாள்காரர் கணக்குச் சொன்னார். “பதினாறாயிரம் வருது அக்கா. நீங்க என் கூடப்பொறந்தவங்க மாதிரி. வட்டிக்குக் கொண்டுவந்த நாலாயிரத்தோட இன்னொரு பத்தாயிரம் குடுங்க, போதும்.”

பத்தாயிரம்! விதைக்கென்று அவள் எடுத்து வைத்திருந்த அதே பத்தாயிரம். இவருக்கு அதை யார் சொன்னது? வியாழக்கிழமை வங்கியில் கேட்ட அந்த இனிமையான குரல் அவள் காதில் இப்போது கசந்தது. சட்டைக்கு அளவெடுத்துவிட்டுத்தான் துணியை வெட்டியிருக்கிறார்கள்!

என்ன செய்ய? கொடுத்தாள். வங்கியில் எடுத்த லட்சத்தையும் கொடுத்தாள். அதைக் கட்டியிருந்த ரப்பர் அறுந்துபோயிருந்ததால், மிளகாய் மூட்டை தைக்கும் நீல நைலான் நூலைப் பையிலிருந்து எடுத்து, மூட்டைக்குப் போடும் இரட்டை முடிச்சாகப் போட்டுக் கொடுத்தாள். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. கால் ஓய்ந்துபோய் வங்கிக்குள் வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். சுவரில் ஒரு கேடயம் பளபளத்தது. நூற்றுக்கு நூறு பயிர்க்கடன் வசூலித்த கிளைக்கு மேலிடம் கொடுத்த பரிசு. யார் வயிற்றை அறுத்து வாங்கிய பளபளப்பு அது என்று அதில் எழுதவில்லை.

அப்போது மடைக்காரர் உள்ளே வந்தார். குடியிருப்பில் எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை பிரித்து மடையைத் திறப்பவர், மரியாதைக்குரிய மனிதர். தன் பணத்தில்தான் கடனைக் கட்டுவதாக எல்லோரைவிடவும் உரக்கச் சொல்பவரும் அவர்தான். காசாளர் ஜன்னலுக்குப் போய்ப் பையிலிருந்து ஒரு கட்டை எடுத்தார்.

நீல நூல். இரட்டை முடிச்சு.

கேள்வியக்கா எழுந்தேவிட்டாள். நான்கு வருடக் கேள்விக்கு விடை, இதோ கண்ணெதிரே. ஒருநாள்காரரிடம் பெட்டி பெட்டியாகப் பணம் இருப்பதாக ஊரே நம்பியது. அவரிடம் இருப்பது ஒரே ஒரு கட்டு! இன்று ஒருவருக்குக் கொடுத்து, நாளை வாங்கி, அப்படியே அடுத்தவருக்குக் கொடுக்கிறார். ஒரே நாளில் இரண்டு பேருக்குப் புதுப்பித்தால் இரண்டாமவருக்குக் கொடுக்க அவரிடம் காசு கிடையாது. அதற்காகத்தான் ரூல்ஸ். அதற்காகத்தான் நாளுக்கு ஒருவர்.

“அண்ணே, கட்டாதீங்க!”

மடைக்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார். முறை எப்போது என்று கேட்க வந்திருந்த குடியிருப்புக்காரர்கள் நான்கைந்து பேரும் திரும்பினார்கள்.

“அந்தப் பணம் யாருதுண்ணே?”

“என்னம்மா கேள்வி இது? என் பணம்தான். சேத்து வெச்சது.”

“அந்த முடிச்சு நான் போட்டதுண்ணே. பத்து நிமிஷம்கூட ஆகல.”

மடைக்காரரின் முகம் செத்துப்போனது. கேள்வியக்காவுக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. அவர்மேல், தன்மேல், மார்தட்டிய புருஷன்மேல், எல்லார்மேலும்.

“நானும் ஒருநாள்காரர்கிட்டதான் வாங்கினேன். நாலு வருஷமா வாங்கறேன். இன்னிக்கு விதைக்காச மொத்தமா எண்ணிக் குடுத்துட்டு வந்து நிக்கறேன். இங்க நிக்கறவங்கள்ல எத்தன பேர் வாங்கல? சொல்லுங்க! மானம் மானம்னு மூடி மூடி வெச்சோமே, யாருக்கு லாபம் ஆச்சு அது?”

தையல்காரி, பகலில் வயலும் மாலையில் தையலுமாக வாழ்பவள், தரையைப் பார்த்தபடி சொன்னாள்: “நானும்தான்க்கா. போன வருஷம் மூணு ராத்திரி ஆயிடுச்சு. தோட்டை வித்தேன். தொலைஞ்சுபோச்சுன்னு வீட்ல சொன்னேன்.”

“நானும்.” “நானும்தான்.” ஒவ்வொருவராகச் சொன்னார்கள்.

எழுத்தர் எழுந்து நின்றார். “இது பேங்க்கு. சந்தைக்கடை இல்ல.”

“சந்தைக்கடையில வெலையயாவது வெளியில சொல்வாங்க சார்,” என்றாள் தையல்காரி. தலை இப்போது நிமிர்ந்திருந்தது.

மடைக்காரர் கட்டைத் திரும்பப் பையில் போட்டார். விறுவிறுவென்று சாலையைக் கடந்தார். ஒருநாள்காரரின் மடியில் அதை வைத்துவிட்டு, “எண்ணிக்கோ. ஒரு ராத்திரிகூட ஆகல, வட்டி கேக்காத,” என்றார்.

ஒருநாள்காரர் சிரித்தார். “கெடுவுக்கு அஞ்சு வாரம்தான் இருக்கு. சுத்திச் சுத்தி இங்கதான் வரணும் அண்ணாச்சி. என் காசு இல்லேன்னா உங்க கடன் எல்லாம் என்னிக்கோ செத்திருக்கும். நான் செய்யறது உதவி.”

“கழுத்தப் புடிச்சுக்கிட்டே தண்ணி குடுக்கறதுக்குப் பேரு உதவி இல்லய்யா,” என்றார் மடைக்காரர்.

அன்று மாலை மோட்டார் கொட்டகையில் எல்லோரும் கூடினார்கள். முதலில் சண்டைதான் நடந்தது. யார் யார் எவ்வளவு பொய் சொன்னார்கள் என்று கணவன் மனைவியர் அங்கேயே மல்லுக்கு நின்றார்கள். கேள்வியக்காவின் புருஷன் மூலையில் நின்று தலையைச் சொறிந்தார். இரைச்சல் ஓய்ந்ததும் அவள் கேட்டாள்:

“இன்னும் எத்தன பேர் பாக்கி?”

“இருபத்தஞ்சு.”

“ஒருநாள்காரருக்குன்னு ஆளுக்கு நாலாயிரம் எடுத்து வெச்சிருப்பீங்கல்ல?”

வெட்கப்பட்டபடியே தலையாட்டினார்கள்.

“இருபத்தஞ்சு நாலாயிரம் எவ்வளவு?”

தையல்காரி விரல் விட்டாள். மறுபடியும் விட்டாள். “அக்கா... ஒரு லட்சம்.”

இவர்கள் வட்டியாகக் கொடுக்க வைத்திருந்த பணமே அவர் முதலாக வைத்திருந்த பணத்தின் அளவு இருந்தது. ஒவ்வொரு வருடமும் அவருடைய முழுக் கட்டையும் இவர்களே அவருக்குப் புதிதாக வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு நன்றியும் சொல்லியிருக்கிறார்கள்.

“சரி, அந்தக் காச எல்லாரும் பொதுவுல போட்டாச்சுன்னே வெச்சுக்குவோம்,” என்றார் ஒருவர். “எவனாவது லோன எடுத்துக்கிட்டு ஓடிட்டா? கண்ண மூடிக்கிட்டு எப்படி நம்பறது?”

பதில் மடைக்காரரிடமிருந்து வந்தது. “தண்ணிக்கு எப்படி நம்பறோம்? நம்பறதே இல்லையே! ஒருத்தன் முறை முடியறதுக்கு முன்னாடியே அடுத்த முறைக்காரன் மடையில வந்து நின்னுடறான். இவன் மூடற கையோட அவன் திருப்பிக்கறான். காசுக்கும் அப்படியே செய்வோம். இன்னிக்கு எடுக்கறவன் பக்கத்துல நாளைய ஆள் நிக்கட்டும். ஜன்னல்ல வாங்கற பணத்த அதே ஜன்னல்ல அவன் கட்டட்டும். காசு வாசப்படிய தாண்ட வேணாம்.”

மறுநாள் காலை இருபத்தைந்து பேரும் வங்கிக்கு வந்தார்கள். எல்லோரும் சேர்ந்து போட்ட லட்சத்தை முதல் ஆளாக மடைக்காரர் கட்டினார். அதற்கு மறுநாள் எழுத்தர் எதிர்பார்த்தபடியே சொன்னார்: “சிஸ்டம் டவுன்.”

“பரவால்ல சார்,” என்றாள் கேள்வியக்கா. அவளுக்கு இதில் பைசா வரவு கிடையாது. ஆனாலும் வந்திருந்தாள். “மெதுவா சரி பண்ணுங்க. இந்தப் பணத்துக்கு ராத்திரி வட்டி ஓடல. ஆனா கெடு ஓடுது. ஒரு நாள் தள்ளினா ஒரு ஆளு கெடு தாண்டிடுவாரு. அப்புறம் நூத்துக்கு நூறு வராது. அந்தக் கேடயத்த யாரு வந்து கழட்டிட்டுப் போவாங்க சார்?”

சத்தம் கேட்டு மேலாளர் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டார். “எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா. எங்க கணக்குல எல்லாரும் ஒழுங்கா கட்டறீங்க, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

“தெரியாதா?” அவள் அவர் முன்னால் போய் நின்றாள். “மிளகா வித்த காசு வர்றதுக்கு மூணு மாசம் முன்னாடி கெடு வெச்சிருக்கீங்க. லட்சம் ரூபா எங்களுக்கு மரத்துலயா காய்க்கும்? எங்கருந்து கொண்டு வர்றாங்கன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா? எதிர்க்கடையில ஒருத்தர் நாற்காலி போட்டு உக்காந்திருக்காரு, உங்க ஜன்னல்லருந்து பாத்தா தெரியுது. தெரியாம இல்ல சார். பாக்கல. பாக்காம இருக்கறதுக்கும் சேத்துத்தான் நாங்க வட்டி கட்டியிருக்கோம்.”

மேலாளர் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் கணினியைப் பார்த்தார். கணினி வேலை செய்தது.

கெடுவை அறுவடைப் பணம் வரும் மாதத்துக்கு மாற்ற வேண்டும், கணக்கை மூடாமல் வட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு கடனைத் தொடர வேண்டும் என்று முப்பது குடும்பமும் கையெழுத்திட்ட மனுவை மேலாளர் அன்று மேலிடத்துக்கு அனுப்பினார். எழுத்தர் அடுத்த வாரமே வேறு கிளைக்கு மாற்றப்பட்டார். அங்கே யாருக்கு ரூல்ஸ் சொல்கிறாரோ தெரியாது. மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. அதற்காக யாரும் காத்திருக்கவும் இல்லை.

இருபத்தைந்தாவது ஆளாகத் தையல்காரிக்குக் கடன் புதுப்பித்த அன்று, பொதுக் கட்டு ஒரு தாள் குறையாமல் கொட்டகைக்குத் திரும்பியது. போட்ட பணத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்றதும் யாரும் கை நீட்டவில்லை. அதிலிருந்து முதல் பத்தாயிரம், வட்டியில்லாமல், கேள்வியக்காவின் விதைக்குப் போனது. மிளகாய்ப் பணம் வந்ததும் அவள் அதைத் திருப்பி வைத்தாள்.

“நம்ம கஷ்டத்த ஒருத்தருக்கொருத்தர் மறைச்சோம் பாருங்க, அந்த மறைவுலதான் அவன் நாற்காலி போட்டான்,” என்றாள் அவள். “வெக்கப்பட வேண்டியவன் கடன் வாங்கினவன் இல்ல. இத வெளிய சொன்ன அன்னிக்கே பாதி வட்டி செத்துப்போச்சு.”

இப்போது அங்கே நடைமுறை இதுதான். முப்பது குடும்பத்துக்கும் பொதுவாக ஒரு லட்சம். கெடு வரும் மாதத்தில் முதல் ஆள் அதைக் கட்டிக் கணக்கை மூடுகிறார். மறுநாள் அவருக்கு வரும் புதுக்கடனை, பக்கத்தில் நிற்கும் இரண்டாவது ஆள் அதே ஜன்னலில் தன் கணக்கில் கட்டுகிறார். அவருடையதை மூன்றாவது ஆள். கடைசி ஆளின் கடன் வந்ததும் லட்சம் முழுசாகக் கொட்டகைக்குத் திரும்புகிறது. வட்டி கிடையாது.