பாயச வாளி தாண்டிப்போன இலை

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் கண்ணுகளா. ஃபேன் சத்தத்தில் என் குரல் கரைந்துவிடும். ஒரு கதை சொல்கிறேன். வெட்டு குத்து, சாவு ஒன்றும் இதில் கிடையாது. ஒருத்தி இன்னொருத்தியின் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை கேட்க ஆசைப்பட்டாள். அந்த ஆசை என்ன ஆயிற்று என்பதுதான் கதை.

ஆசைப்பட்டவள் பெயர் அறிவுமதி. திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், அதில் காலனித் தெரு. அப்பா கோவிந்தராசு அறுவடை மிஷின் ஓட்டுகிறவர். பெண்ணைத் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் சேர்த்து ஹாஸ்டலில் விட்டிருந்தார். அங்கே அவள் அறையிலேயே இருந்தவள் மங்கையர்க்கரசி. அதே ஊர், ஆனால் மேலத்தெரு. ஊரில் இருந்தவரை இருவரும் பஸ்ஸில் பார்த்துக்கொண்டதோடு சரி. தஞ்சாவூருக்கு வந்துதான் ஒட்டிக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் ஒரே சீப்பு, ஒரே ஊறுகாய் பாட்டில். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருத்தி வகுப்புக்குப் போகமாட்டாள்.

தை மாதம் சம்பா அறுப்பு முடிந்த கையோடு, மங்கையின் சித்தப்பா இராஜாங்கம் புது வீடு குடி போனார். மங்கை ஹாஸ்டல் பெண்களோடு இவளையும் கூப்பிட்டாள்.

"வேண்டாம்டி. ஊருல எப்படின்னு உனக்குத் தெரியாதா?" என்றாள் அறிவுமதி.

"அதெல்லாம் எங்க தாத்தா காலம். நீ வரலேன்னா நான் உன்கூட பேசவே மாட்டேன் போ."

போனாள். ஹாஸ்டல் பெண்களோடு சேர்ந்து பந்தியில் உட்கார்ந்தாள். இலையில் தண்ணீர் தெளித்து உப்பு வைத்தாயிற்று. நம் பக்கத்து விருந்தில் சோற்றுக்கு முன்னால் இலையோரத்தில் ஒரு கரண்டி பாயசம் வரும் இல்லையா? பட்டுப்பாவாடையைச் செருகிக்கொண்டு மங்கைதான் பாயச வாளியோடு வந்துகொண்டிருந்தாள். அப்போது இராஜாங்கம் குனிந்து, குழந்தையிடம் பேசுவது போல மெதுவாகக் கேட்டார்.

"கோவிந்தராசு பொண்ணுதானே நீ? நல்லா படிக்கிறியாமே, சந்தோஷம். எந்திரி பாப்பா. பின்னாடி பார்சல் கட்டச் சொல்லியிருக்கேன். வீட்டுக்குக் கொண்டுபோயி அப்பா அம்மாவோட உக்காந்து நிம்மதியா சாப்பிடு."

அவர் அதட்டியிருந்தால்கூட அறிவுமதிக்கு அழுகை வந்திருக்கும். அந்த மெதுவான குரலுக்கு அழவும் தெரியவில்லை. எழுந்தாள். எழுந்தவள் மங்கையைப் பார்த்தாள். மங்கை பக்கத்து இலைக்கு ஊற்றினாள், அறிவுமதியின் இலையைத் தாண்டினாள், அடுத்த இலைக்கு ஊற்றினாள். நிமிரவில்லை.

வீட்டில் பார்சலைப் பிரித்த அம்மா காளியம்மாள், "மகராசனுங்க, நமக்கும் சேத்துல்ல குடுத்துவுட்டிருக்காங்க!" என்று வாழ்த்தினாள்.

ஹாஸ்டலுக்குத் திரும்பியும் மங்கை அதைப் பற்றிப் பேசவில்லை. சீப்பும் ஊறுகாயும் பழையபடியேதான். 'அன்னிக்கு நான் பாத்தேன்டி' என்று அவள் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், மற்றதையெல்லாம் விழுங்கிக்கொள்ளலாம் என்று அறிவுமதி காத்திருந்தாள். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

மாசியில் கல்லூரியில் சமத்துவ வாரம் வந்தது. வழக்கமான பேச்சுப்போட்டிக்குப் பதிலாக இந்தத் தடவை பரிதி என்ற நாடகக்காரரை அழைத்திருந்தார்கள். அவர் நாடகத்தில் பார்க்க வந்தவர்களும் நடிக்கலாம். ஓர் அநியாயத்தை முதலில் முழுதாக நடித்துக் காட்டுவார்கள். பிறகு அதையே மறுபடி ஆரம்பிப்பார்கள். பொறுக்க முடியாதவர் யாராக இருந்தாலும் 'நில்லு' என்று கத்திவிட்டு மேடைக்கு வரலாம். ஒருவரை விலக்கி அவர் இடத்தில் நின்று கதையை மாற்றலாம். அநியாயம் செய்கிறவன் இடத்தை மட்டும் எடுக்கக் கூடாது. "அவன் திருந்துறதுக்காக நம்ம காத்துக்கிட்டு இருக்க முடியாதுல்ல?" என்பார் பரிதி.

உங்களுக்குத் தெரிந்த சம்பவம் ஏதாவது சொல்லுங்கள் என்று அவர் கேட்டபோது மங்கை ஊருக்குப் போயிருந்தாள். அறிவுமதி பந்திக் கதையைச் சொன்னாள். எங்கோ யாருக்கோ நடந்தது என்றாள். சித்தப்பாவை மாமா ஆக்கிவிட்டாள். கூடப் படிக்கிறவர்களில் அந்த வேஷம் மதிவாணனுக்கு, பாயச வாளி ஹுமைராவுக்கு. இலையில் உட்கார ஒருத்தி வேண்டும் என்றதும், "நானே உக்காந்துக்குறேன் சார்" என்றாள்.

நாடகத்தன்று காலையில்தான் மங்கை திரும்பி வந்தாள். முன்வரிசையில் உட்கார்ந்து, ஃபோனைத் தூக்கிப் படம் பிடிக்க ஆரம்பித்தாள். மதிவாணன் "எந்திரி பாப்பா" என்றதும் அந்த ஃபோன் மெல்ல மடிக்கு இறங்கியதை, இலையில் உட்கார்ந்திருந்த அறிவுமதி பார்த்தாள்.

இரண்டாம் தடவை ஆரம்பித்தார்கள். முதலில் "நில்லு!" என்று கத்தியவன் ஃபஹத் என்ற மாணவன். பக்கத்து இலைக்காரனை எழுப்பிவிட்டு அங்கே உட்கார்ந்து, "ஐயா, நம் அரசியல் சாசனம் என்ன சொல்கிறது என்றால்..." என்று தொடங்கினான்.

மதிவாணன் விடுவானா? "தம்பி, சாசனம் கெடக்கட்டும். மொதல்ல நீ மொய் எழுதிட்டியா?" என்றான். அரங்கமே சிரித்து உருண்டது. ஃபஹத் அசடு வழிந்துகொண்டு இறங்கினான்.

அறிவுமதிக்கும் சிரிப்பு வந்தது. அதே நேரத்தில் முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "நில்லு."

மங்கை மேடையேறினாள். ஹுமைராவிடமிருந்து வாளியை வாங்கிக்கொண்டாள். மதிவாணன் வசனத்தைச் சொன்னான். மங்கை வாளியை டங்கென்று தரையில் வைத்தாள்.

"சித்தப்பா, அவ எந்திரிச்சா இந்தப் பந்தியில ஒருத்தருக்கும் நான் ஊத்த மாட்டேன். நான் கூப்ட்டுத்தான் அவ வந்தா."

மதிவாணன் ஓரடி பின்வாங்கினான். மாமா என்பதற்குப் பதிலாக அவள் சித்தப்பா என்றதை அரங்கத்தில் யாரும் கவனிக்கவில்லை. அறிவுமதி கவனித்தாள். பார்த்திருக்கிறாள், எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்! மங்கை கரண்டியில் மொண்டு இலையோரத்தில் ஊற்றினாள். வாளியில் இருந்தது வெறும் தண்ணீர்தான். ஆனாலும் அறிவுமதி அழுதாள். பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

"இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று பரிதி மங்கையைக் கேட்டார்.

"ரொம்ப லேசா இருக்கு சார். ஏதோ ஒரு பாரம் எறங்குன மாதிரி."

இனி வெளியே போய்த் தன்னிடம் சொல்வாள் என்று அறிவுமதி நினைத்தாள். அரங்கத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் இருவரும் நின்றார்கள். மங்கை அவள் கையைப் பிடித்தாள். ஏதோ சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் ஃபோன் அடித்தது. யாரோ நாடகத்தை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டுவிட, அது அவர்களுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்திருந்தது.

"சித்தப்பா... இல்ல சித்தப்பா, அது சும்மா நாடகம். நம்ம வீடு இல்ல. அந்த மாதிரி எங்கயும் நடக்கல, யாரோ கற்பனையா எழுதுனது... வாய் தவறி வந்துடுச்சு சித்தப்பா... அப்பாகிட்ட சொல்லாதீங்க... இருங்க, அவளே பக்கத்துல இருக்கா."

ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு மங்கை கெஞ்சினாள். "ஒரு வார்த்த சொல்லிடுடி, அப்படி ஒண்ணும் நடக்கலன்னு. இல்லாட்டி இன்னிக்கே பெட்டியைக் கட்டச் சொல்லிடுவாங்க. மாப்பிள்ள ரெடியா வெச்சிருக்காங்கடி. என் படிப்பு போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

பொய்யில்லை. அந்த வீட்டில் அது நடக்கும் என்று அறிவுமதிக்கும் தெரியும். ஃபோனை வாங்கினாள்.

"என்ன பாப்பா, சௌக்கியமா?" அதே மெதுவான குரல். "நம்ம வீட்டு விசேஷத்துல உன்னை யாரும் ஒண்ணும் சொல்லலையே?"

எதிரே மங்கை இரண்டு கையும் கூப்பி நின்றுகொண்டிருந்தாள். கைதட்டல் வாங்கிய முகம் அது. பயத்தில் இப்போது சின்னப் பிள்ளையின் முகம் போல ஆகிவிட்டிருந்தது. காய்ச்சலுக்குத் தனக்குக் கஞ்சி ஊட்டிய கை அவள் கண்ணில் பட்டது.

"இல்லிங்க," என்றாள் அறிவுமதி. "அப்படி ஒண்ணும் நடக்கலிங்க. நாடகம்தாங்க."

"அதானே! நல்லா படி பாப்பா."

மங்கை அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீதான்டி என் உசுரு. இந்த உதவிய நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வா, கேன்டீன்ல டீ குடிப்போம். தொண்ட வறண்டுபோச்சு," என்றாள். வாயெடுத்த வார்த்தை என்னவாக இருந்ததோ, அது திரும்பி வரவில்லை.

"நீ போ. வர்றேன்."

மங்கை லேசான நடையில் போனாள். அறிவுமதி மரத்தில் சாய்ந்துகொண்டாள். மங்கை ஒரு நாள் சொல்லுவாள் என்று இத்தனை நாளும் ஒரு வார்த்தையை மடியில் முடிந்து வைத்திருந்தாளே, அதை இனி எப்படிக் கேட்பது? அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று தன் வாயாலேயே சொல்லியாயிற்று. நடக்காததை ஒருத்தி எப்படிப் பார்த்திருப்பாள்?

உள்ளே அடுத்த நாடகம் தொடங்கிவிட்டது. யாரோ "நில்லு" என்றார்கள். மறுபடியும் கைதட்டல் கேட்டது.

அவ்வளவுதான் செல்லங்களே. கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக் குதிரில் நெல் நிறைந்திருக்கட்டும். வாசல் ஏறி வந்தவர் எவரும் முகம் வாடித் திரும்பாதிருக்கட்டும். பேசவேண்டிய இடத்தில், பேசவேண்டிய நேரத்தில், உங்கள் பிள்ளைகளுக்குக் குரல் வரட்டும். அந்தக் குரலுக்கு விலை கேட்காத பெரியவர்கள் உங்கள் வீட்டில் என்றும் இருக்கட்டும். நன்றாக இருங்கள்.