மனைவியின் பக்கம்

மிஷன் பள்ளி விடுதியில் பொறுப்பாளர் வேலை ஒற்றை ஆளுக்குக் கிடையாது. புருஷனும் பெண்சாதியும் சேர்ந்துதான் சேர வேண்டும். அவன் பையன்களை மேய்ப்பான். அவள் சமையலறை, துணிமணி, காய்ச்சலில் படுத்த பிள்ளைகளைப் பார்ப்பாள். இருவருக்கும் சேர்த்து ஒரு சம்பளம், ஒரு வீடு. அதனால் விண்ணப்பத்திலும் இடப்பக்கம் கணவனுக்கு, வலப்பக்கம் மனைவிக்கு.

பரமானந்தமும் செல்வமேரியும் ஆவணியில் அதை நிரப்பி அனுப்பினார்கள். அவர்கள் குடியிருந்த நாயுடுபுரத்தில் யாருக்கு விண்ணப்பம் எழுத வேண்டுமானாலும் பரமானந்தத்தைத்தான் தேடி வருவார்கள். முதலில் பென்சிலில் எழுதிப் பார்ப்பான். பிறகு ஒரே மையில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வான். காலியிடம் விடமாட்டான். அவன் எழுதிக் கொடுத்துப் பலர் வேலைக்குப் போய்விட்டார்கள். பி.ஏ. படித்த அவன் மட்டும் ஏரிக்கரையில் வாடகை சைக்கிள் கடையில் உட்கார்ந்திருந்தான்.

ஐப்பசியில் செல்வமேரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்த வாரமே காய்ச்சல் கண்டு இறந்துபோனாள். தை பிறந்ததும் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. இருவரும் நேரில் வரவும். படிவம் மாறிவிட்டதால் புதிதாக நிரப்பிக் கொண்டுவரவும்.

குழந்தை மாமியார் சூசையம்மாளிடம் இருந்தது. அவளை மலைக்கிராமமான கவுஞ்சியிலிருந்து மகன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். கடிதம் வந்த அன்று அவள் இளைய மகள் அமலோற்பவத்தையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு பரமானந்தத்தின் அறைக்கு வந்தாள்.

"மாப்ள, கவுஞ்சியில காட்டுச் சோலி தலைக்கு மேல கெடக்கு. நான் போயாகணும். பிள்ளையத் தூக்கிட்டுத்தான் போவேன். இல்ல, நீங்க பால் காச்சிப் புகட்டிருவீங்களா?"

"தெரியாதுங்க அத்தை."

"அப்ப இத வெரசா எழுதுங்க. வேலை கெடைச்சா வீடு கெடைக்கும். பிள்ளை உங்ககிட்டயே வளரும். அந்தப் பக்கத்துல இவ பேரப் போடுங்க. பெரியவ போயிட்டா, சின்னவ இருக்கா. ஊர்ல நடக்காததா?"

"என்னம்மா, ஆட்ட மாத்திக் கட்டுற மாதிரி பேசுற?" என்றாள் அமலோற்பவம்.

"ஏண்டி, வாய மூடு."

சூசையம்மாள் வெளியே போய் நின்றுகொண்டாள். பரமானந்தம் படிவத்தை விரித்தான். இடப்பக்கம் தானாக நிரம்பியது. வலப்பக்கத்துக்கு வந்ததும், எழுதித்தரச் சொல்லி வருகிறவர்களிடம் கேட்பதுபோலவே கேட்டான். வேறு விதமாகக் கேட்க அவனுக்குத் தெரியவில்லை.

"படிப்பு?"

"எஸ்.எஸ்.எல்.சி. கணக்குல தட்டுத்தடுமாறிப் பாஸ். அதையும் எழுதுவீங்களா மச்சான்?"

"கேட்டாத்தான் எழுதணும்."

"எனக்குச் சம்மதமான்னு கேட்டிருக்கா?"

அவன் படிவத்தை மேலிருந்து கீழே உண்மையாகவே ஒரு முறை பார்த்தான். "இல்ல."

"பாத்தீங்களா. அவங்களும் கேக்கல."

ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. அடுத்த வரியைப் படித்தான். "குழந்தைகளைப் பராமரித்த அனுபவம்?"

அமலோற்பவத்தின் மடியில் குழந்தை அவள் விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. "தெரியலையாக்கும்?" என்றாள்.

எழுதினான். அதற்கடுத்தது திருமணமான தேதி. பேனாவை மூடி வைத்துவிட்டான்.

அவனும் அமலோற்பவமும் பள்ளிக்குப் போனார்கள். மேலாளர் வயதான பாதிரியார். படிவத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கையெழுத்து முத்து மாதிரி இருக்கு. தேதி ஏன் விட்டுட்டீங்க?"

வழியெல்லாம் அவன் ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் வந்தான். என் மனைவி இறந்துவிட்டாள், இவள் அவள் தங்கை, என்னை மட்டும் எடுத்துக்கொள்ள முடியுமா. மூன்றே வாக்கியம்.

"சாமி..." என்றான். அவர் கையிலிருந்த படிவத்தையே பார்த்து நின்றான்.

அமலோற்பவம்தான் சொன்னாள். "அக்கா தவறிட்டா சாமி. எங்களுக்கு இன்னும் ஆகல. தவக்காலத்துக்கு முந்தி ஆகிரும்."

பாதிரியார் அவளைப் பார்த்தார், பிறகு அவனை. "தவக்காலம் பொறந்துட்டா கல்யாணம் கிடையாது, தெரியும்ல? மூணு ஞாயிறு கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கணும். வாசிச்சு முடிச்சு உங்க பங்குச்சாமி கையெழுத்தோட வாங்க. அதுவரைக்கும் வீட்ட வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்."

வெளியே மூடுபனி ரோட்டை மறைத்திருந்தது. இருவரும் முன்பின்னாக நடந்தார்கள்.

"ஏன் அப்படிச் சொன்ன?"

"நீங்க ஏதாச்சும் சொல்லுவீங்கன்னு பாத்தேன். நின்னுக்கிட்டே இருந்தீங்க. பிள்ளை கவுஞ்சிக்குப் போயிட்டா நீங்க என்னைக்குப் பாக்கப்போறீங்க?"

"உனக்குச் சம்மதமா?"

"நல்ல நேரத்துல கேட்டீங்க போங்க." சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டாள். "டைப்பிங் பரீட்சைக்குப் பேர் குடுத்திருக்கேன் மச்சான். சித்திரையில."

"எழுதலாமே."

"விடுதிப் பிள்ளைக துணிய யாரு தொவைப்பா? நீங்களா?"

அவன் நடையைக் கூட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில், பிரசங்கம் முடிந்ததும் பங்குச்சாமியார் ஓலையை எடுத்தார். காலஞ்சென்ற செல்வமேரியின் கணவர் பரமானந்தம் என்று வாசித்தார். சூசையம்மாளின் இளைய மகள் அமலோற்பவம் என்று வாசித்தார். பெண்கள் பக்கத்தில் சில தலைகள் திரும்பின. இந்தத் திருமணத்துக்கு ஏதேனும் தடை இருப்பதாக அறிந்தவர்கள் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்றார்.

பரமானந்தம் நிமிர்ந்து பார்த்தான். அமலோற்பவம் முக்காட்டுக்குள் குனிந்திருந்தாள். சூசையம்மாளின் தோளில் குழந்தை தூங்கியது. அதன் ஒரு காலில் காலுறை கழன்று தொங்கியது. எழுந்து சொல்லிவிடலாம் என்று நினைத்தான். குழந்தையின் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். யாரோ இருமினார்கள்.

"இது முதலாம் முறை" என்று சொல்லிவிட்டுச் சாமியார் அடுத்த ஓலையை எடுத்தார்.